வெட்ட வேண்டியது பிளாஸ்டிக்கை மட்டும்

ஸ்லாப் என்னும் ஒட்டி மூடிய பிளாஸ்டிக் கூட்டில் இருக்கும் காசை வெளியே எடுக்கலாமா என்று யாராவது கேட்டால் நான் முதலில் திருப்பிக் கேட்பது, எதற்காக என்றுதான். அதற்குப் பதில் தெளிவாக இருந்தால் மற்றதெல்லாம் கைவேலை, பொறுமையாகச் செய்தால் யாராலும் முடியும். பதில் தெளிவாக இல்லையென்றால் கட்டரைக் கையில் எடுக்கவே வேண்டாம். உடைத்த கூட்டை மறுபடி ஒட்ட முடியாது, காசில் விழுந்த கீறலை எந்த மருந்தாலும் அழிக்க முடியாது.

மலேசியாவில் சிலாங்கூர் மாநிலத்தில் இருக்கும் எங்கள் பத்தாங் பெர்ஜுந்தையில், அதாவது இப்போது பெயர்ப்பலகையில் பெஸ்தாரி ஜெயா என்று இருக்கும் ஊரில், தோட்டத்துக் குடும்பங்களில் பழைய காசு என்பது புதுப் பொழுதுபோக்கு இல்லை. சாமி அறைச் சொம்பில், பீரோ மூலையில், முடிச்சுப் போட்ட கைக்குட்டையில் ராஜா தலை போட்ட வெள்ளிக்காசு இருக்கும், சதுரமாக இருக்கும் அந்தப் பழைய ஒரு காசும் இருக்கும். தோட்டத்து வரிசைக் குடியிருப்பான லயத்தை விட்டுத் தாமான் என்னும் வீடமைப்புப் பகுதிக்கு வந்தபோது பலர் அவற்றை விற்றார்கள், பலர் தொலைத்தார்கள். இன்று அவர்களுடைய பேரப்பிள்ளைகள் கைப்பேசியில் நேரலை விற்பனை பார்த்து அதே மாதிரிக் காசுகளைத் திரும்ப வாங்குகிறார்கள். அவை வந்து சேர்வதோ லேபிள் ஒட்டிய கெட்டியான பிளாஸ்டிக் கூட்டுக்குள். அதனால்தான் இந்தக் கேள்வி இப்போது அடிக்கடி வருகிறது.

ஸ்லாப் என்பது என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். காசைப் பரிசோதித்து, அது அசலா, எந்த நிலையில் இருக்கிறது என்று தரம் போட்டு, கூட்டில் அடைத்துத் தரும் நிறுவனங்கள் இருக்கின்றன. அமெரிக்காவில் பி.சி.ஜி.எஸ் 1986-இல் இந்த வேலையைத் தொடங்கியது, அடுத்த வருடம் என்.ஜி.சி வந்தது. இரண்டும் 1 முதல் 70 வரை தரம் போடும். அந்த அளவுகோலின் மூல வடிவம் 1949-இல் வில்லியம் ஷெல்டன் என்பவர் அமெரிக்கப் பெரிய செப்புக் காசுகளுக்காக வகுத்தது. கூட்டின் இரண்டு பாதிகளையும் மீயொலி அதிர்வால் உருக்கி விளிம்பில் ஒன்றாக்கி விடுகிறார்கள். பசை கிடையாது, திருகு கிடையாது. உடைக்காமல் திறக்க முடியாதபடி செய்வதுதான் நோக்கமே. யாரோ திறந்து வேறு காசை உள்ளே வைத்திருந்தால் விளிம்பைப் பார்த்தே தெரிய வேண்டும் அல்லவா.

ஆகவே ஸ்லாப்பை உடைக்கும்போது நாம் உடைப்பது அந்த உத்தரவாதத்தையும் சேர்த்துத்தான். லேபிளில் 66 என்று போட்டிருந்த காசு, வெளியே வந்த அந்த நிமிடமே தரம் இல்லாத காசு. வாங்குபவர் உங்கள் வார்த்தையை நம்பினால் உண்டு.

உடைக்கக் கூடாத சமயங்களைச் சொல்கிறேன். கூடு கீறிப்போய் மங்கலாக இருக்கிறது என்பதற்காக உடைக்க வேண்டாம், புதுக் கூட்டுக்கு மாற்றித் தரும் சேவையை அந்த நிறுவனங்களே வைத்திருக்கின்றன. ஒரு நிறுவனத்தின் கூட்டிலிருந்து இன்னொன்றின் கூட்டுக்குப் போக வேண்டும் என்றாலும் உடைக்க வேண்டாம். கூட்டோடு அனுப்பி, இன்ன தரத்துக்குக் குறைந்தால் திறக்காதீர்கள் என்று எழுதிக் கொடுக்கலாம். இன்னும் நல்ல தரம் கிடைக்கும் என்ற ஆசையில் தானே உடைத்துத் திரும்ப அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். அது சூதாட்டம், நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். அப்புறம், கூடே பழையதாக இருந்தால் கவனம். பி.சி.ஜி.எஸ் ஆரம்ப வருடங்களில் போட்ட சின்னக் கூடுகளில் காசு சற்று ஆடும், குலுக்கினால் சத்தம் வரும். அந்தக் கூட்டுக்காகவே கூடுதல் விலை கொடுக்கிறவர்கள் உண்டு. என்.ஜி.சி முதலில் போட்ட கருப்புக் கூடு அதைவிட அரிது. அதை உடைப்பது பணத்தை உடைப்பது.

சரி, எப்போது உடைக்கலாம்? எங்கள் பக்கத்தில் முக்கியமான காரணம் தண்ணீர். ஸ்லாப் காற்றுப் புகாத கூடு என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. ஈரக்காற்று மெல்ல உள்ளே போகும், உள்ளே இருந்தபடியே வெள்ளி கறுக்கும். வீட்டுக்குள் வெள்ளம் ஏறிய சமயத்தில் அலமாரியின் அடித்தட்டில் இருந்த ஸ்லாப்புக்குள் சேற்றுத் தண்ணீர் புகுந்து கோடு போட்டதைப் பார்த்திருக்கிறேன். அந்த நிலையில் கூட்டை அப்படியே வைத்திருப்பது காசை ஊறப்போட்டு வைப்பதற்குச் சமம், உடனே திறந்துவிட வேண்டும். இரண்டாவது காரணம் பச்சைப் பிசுக்கு, அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன். மூன்றாவது சந்தேகம். ஸ்லாப்பே போலியாக வருகிற காலம் இது. சான்று எண்ணை நிறுவனத்தின் தளத்தில் போட்டுப் பார்த்து, அங்கே இருக்கும் படத்தோடு உங்கள் காசை ஒப்பிட வேண்டும். பொருந்தவில்லை என்றால், விற்றவரிடம் திருப்பிக் கொடுக்க வழி இருக்கும்வரை கூட்டைத் தொடாதீர்கள். அந்த வழி அடைபட்ட பிறகு திறந்து எடை போடலாம். கூட்டுக்குள் இருக்கும் காசைச் சரியாக எடை போட முடியாது, எடை பொருந்தவில்லை என்றால் அது பொய் சொல்லாத சாட்சி.

பிரிட்டிஷ் காலத்தில் இங்கே புழங்கிய வெள்ளி நாணயமான ஸ்ட்ரெய்ட்ஸ் டாலரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1903, 1904 வருடங்களில் வந்தது 26.95 கிராம், அதில் 90 சதவீதம் வெள்ளி. வெள்ளி விலை ஏறி, உருக்கினால் லாபம் என்ற நிலை வந்ததும் 1907-இல் காசைச் சின்னதாக்கினார்கள். முதல் உலகப் போர் முடிந்து வெள்ளி மறுபடி ஏறியபோது, 1919, 1920 காசுகளில் வெள்ளியை 50 சதவீதமாகக் குறைத்து எடையையும் 16.85 கிராமுக்குக் கொண்டுவந்தார்கள். எட்வர்ட் ராஜா தலையோடு 1903 என்று போட்ட காசு தராசில் 22 கிராம் காட்டினால் அதற்கு மேல் பேச்சே வேண்டாம்.

நான்காவது காரணம்தான் எனக்குப் பிடித்தது. எங்கள் வரிசை வீட்டில் ஒரு பாட்டி இருக்கிறார், சின்ன வயதில் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தில் பால் எடுத்தவர். அவருடைய அம்மா கொடுத்த டாலர் காசு வீடு மாறியபோது போய்விட்டது. பேரன் சம்பாதிக்க ஆரம்பித்ததும் அதே மாதிரி ஒரு 1903 டாலரை வாங்கிக் கொடுத்தான், ஸ்லாப்போடு. பாட்டி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் கொண்டுவந்தார். "ஏய்யா, இத எப்படித் தொறக்கிறது? கண்ணாடிக்குள்ள கெடந்தா எனக்கு எதுக்கு? கையில வெச்சுப் பாக்கணும்." நிறையக் கை மாறித் தேய்ந்த காசு அது, லேபிளில் இருந்த தரமும் நடுத்தரம்தான். கூடு அதன் விலையில் பெரிதாக எதையும் கூட்டவில்லை, இனி விற்கப்போவதும் இல்லை. இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியாது. அந்தக் காசை எடுத்த விதத்தையே சொல்கிறேன்.

முதலில் படம். கூட்டின் முன்பக்கம், பின்பக்கம், லேபிளில் இருக்கும் எண், எல்லாவற்றையும் நல்ல வெளிச்சத்தில் எடுத்து வையுங்கள். அப்புறம் இடம். மேசையில் ஒரு கெட்டியான துண்டை இரண்டாக மடித்து விரிக்க வேண்டும். காசு வழுக்கி விழுந்தால் சிமெண்டுத் தரையில் விழக் கூடாது, விளிம்பில் விழும் ஒரே ஒரு அடி போதும் காசு கெட்டுப்போக. கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். இந்தப் பிளாஸ்டிக் வளையாது, தெறிக்கும், சில்லு ஊசி மாதிரி இருக்கும். தோட்டத்தில் புல்வெட்டும் மெஷின் தூக்குகிறவர்கள் போடும் முகமூடி இருந்தால் அதையே போட்டுக்கொள்ளுங்கள், அதைவிடப் பாதுகாப்பு இல்லை.

கருவி ஒன்று போதும், மின்சாரக் கம்பி வெட்டும் சைட் கட்டர். இரும்புக்கடை தவுக்கேயிடம், அதாவது முதலாளியிடம், கேட்டால் எடுத்துக் கொடுப்பார். வாய் தடிப்பாக, கைப்பிடி நீளமாக இருப்பதைப் பார்த்து வாங்குங்கள், சின்னதாக இருந்தால் கை நடுங்கும், நடுங்கினால் சறுக்கும். பேரன் ஒரு திருப்புளியை எடுத்துக்கொண்டு வந்து நின்றான். "அண்ணே, இத நடுவுல விட்டு நெம்பினா வந்துராதா?" என்றான். "வேணாம் தம்பி, நெம்பும்போது பிளாஸ்டிக் திடீர்னு விட்டுக்கொடுக்கும், அப்ப இரும்பு முனை எங்க போய் நிக்கும்னு நம்ம கையில இல்ல" என்றேன். முழு வேலையின் சூட்சுமமும் இதுதான். நாம் கொடுக்கும் விசை எப்போதும் காசுக்கு வெளியே, விளிம்பை நோக்கியே போக வேண்டும். காசு இருக்கும் திசைக்கு எந்த முனையும் திரும்பக் கூடாது.

காசு கூட்டின் கீழ்ப்பாதியில் இருக்கும், லேபிள் மேல்பாதியில். அதனால் ஆரம்பம் எப்போதும் லேபிள் பக்கத்து மூலையில். கட்டர் வாயில் மூலையைச் சின்னதாகக் கவ்வி, துண்டின் ஒரு முனையைக் கையோடு சேர்த்து மேலே போர்த்திக்கொண்டு அழுத்துங்கள். டப் என்று ஒரு சத்தம் வரும், மூலை உடைந்து விழும். உடனே பெரிதாகக் கவ்வ ஆசை வரும், வேண்டாம். அடுத்த மூலை, அதன் பிறகு லேபிள் பக்கத்து விளிம்பு நெடுகக் கொஞ்சம் கொஞ்சமாக. உருக்கி ஒட்டிய கோடு அந்த விளிம்பில்தான் ஓடுகிறது, அது உடைந்துகொண்டே வர முன், பின் இரண்டு பாதிகளும் தானாகப் பிரிய ஆரம்பிக்கும். லேபிள் இருக்கும் பகுதி முழுவதும் திறந்த பிறகு பக்கவாட்டு விளிம்புகளில் காசின் உயரத்துக்கு வருவதற்கு முன்பே நின்றுவிடுங்கள். அங்கிருந்து இரண்டு பாதிகளையும் லேபிள் முனையில் இரண்டு கையாலும் பிடித்து மெல்ல விரித்தால் மிச்ச ஒட்டு கீழே வரை விட்டுவிடும். விடவில்லை என்றால் இன்னும் ஒரு வெட்டு, வலுவைக் கூட்டாதீர்கள். இந்த இடத்தில் அவசரப்பட்டு முறுக்கினால் பிளாஸ்டிக் குறுக்காக உடைந்து, உடைந்த முனை காசின் மேல் உரசும்.

பட்டறையில் வேலை செய்கிறவர்கள் வைஸ் என்னும் இறுக்குப்பிடியில் கூட்டின் விளிம்பை வைத்து மெல்ல இறுக்கி ஒட்டை விடச் செய்வார்கள். சரியாகச் செய்தால் அது சுத்தமான வழி, ஆனால் எங்கே நிறுத்துவது என்று கை அறிந்தவருக்கு மட்டும். துண்டில் சுற்றி விளிம்பைத் தரையில் தட்டுவதோ சுத்தியலால் அடிப்பதோ எனக்குச் சம்மதம் இல்லை. உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க முடியாத வேலையை விலையுள்ள பொருளில் செய்யக் கூடாது. சூடு காட்டுவது, கொதிநீரில் போடுவது, அசிட்டோனில் கூட்டோடு ஊறவைப்பது இவையெல்லாம் அறவே வேண்டாம். அந்தப் பிளாஸ்டிக் அசிட்டோனில் இளகும், இளகிய குழம்பு காசின் மேல் படியும்.

கூடு பிரிந்ததும் காசு வெளியே வந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். உள்ளே அதைப் பிடித்துக்கொண்டு ஒரு வளையமோ வெள்ளைச் சட்டமோ இருக்கும். சட்டத்தின் பற்கள் காசின் விளிம்பைக் கவ்வியிருக்கும், காசை இழுக்காமல் சட்டத்தைப் பின்பக்கமாக வளைத்தால் பற்கள் விடும். அதற்கு முன்பு சில்லுகளை ஊதித் தள்ள வேண்டும். வாயால் அல்ல, எச்சில் துளி பட்டால் புள்ளி விழும். கேமரா லென்ஸுக்கு வைத்திருக்கும் காற்றுப் பம்பு நல்லது. பிறகு கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் காசின் விளிம்பை மட்டும் பிடித்துத் தூக்க வேண்டும், முகத்தில் விரல் படவே கூடாது. விரலின் எண்ணெயும் உப்பும் செப்பில் ரேகையைப் பதித்துவிடும், அந்த ரேகை பிறகு போகாது. பாட்டிக்கு இந்த விதி இல்லை, அவர் காசு அவர் உள்ளங்கைக்கு. ஆனால் கண்ணாடி மாதிரி மின்னும் புரூஃப் காசுக்கும், சிவப்பு மாறாத செப்புக் காசுக்கும் இது கட்டாயம்.

மற்றக் கூடுகள் இவ்வளவு கஷ்டம் இல்லை. மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் நினைவுக் காசுகள் வரும் வட்டக் கேப்சூல் ஒட்டியது இல்லை, அமுக்கி மூடியது. துண்டின் மேல் வைத்து விளிம்புக் கோட்டில் நகத்தை விட்டுச் சுற்றிக்கொண்டே வந்தால் திறக்கும். அடம்பிடித்தால் இரண்டு பாதியையும் எதிரெதிராகத் திருகுங்கள், கத்தி வேண்டாம். அட்டையில் பதித்து வரும் நோர்டிக் கோல்டு என்னும் மஞ்சள் உலோகக் கலவையில் செய்த ஒரு ரிங்கிட் காசுகளை அப்படியே விட்டுவிடுவது நல்லது, அட்டை போனால் சேர்ப்பவர்கள் மதிப்பது குறைந்துவிடும். ஸ்டேப்பிள் அடித்த சதுர அட்டைகள்தான் பார்ப்பதற்குச் சாதுவாக இருந்து காசைக் கீறுபவை. அட்டையைக் கிழித்துத் திறக்கும்போது ஊசியின் முனை காசின் முகத்தில் கோடு போட்டுவிடும். முதலில் எல்லா ஊசியையும் பிளையரால் பின்பக்கம் நிமிர்த்தி உருவி எடுத்துவிட்டுத்தான் அட்டையைப் பிரிக்க வேண்டும். பிசினில் வார்த்த சாவிக்கொத்து, மேசைப் பொருள் இவற்றுக்குள் இருக்கும் காசை எடுக்கச் சொல்லி வந்தால் நான் செய்வதில்லை. அதைக் கரைக்கும் திரவங்கள் மூச்சுக்கு ஆபத்தானவை, அறுத்தால் காசு போகும்.

வெளியே வந்த காசைப் பார்த்ததும் நம்மவர்கள் கை போகும் இடம் புளி. குத்துவிளக்கைத் தேய்க்கிற வீட்டில் கறுத்த காசு கண்ணை உறுத்தும், எனக்கும் புரிகிறது. ஆனால் புளியின் அமிலம் கறுப்பை மட்டும் எடுப்பதில்லை, அடியில் இருக்கும் உலோகத்தின் மேல் தோலையும் சேர்த்து எடுக்கும், தேய்க்கும் நார் மெல்லிய கோடுகளைப் போடும். சாம்பல், பற்பசை, பித்தளைப் பாலிஷ் எல்லாமே அப்படித்தான். அச்சகத்திலிருந்து வந்த பளபளப்பு ஒரு முறை போனால் போனதுதான். தேய்த்த காசைத் தர நிறுவனங்கள் எண் போடாமல், துடைக்கப்பட்டது என்று எழுதித்தான் அடைக்கும். வெள்ளியின் மேல் காலம் படியவைத்த நீலமும் ஊதாவும் கலந்த கறுப்புக்குச் சில சமயம் தனி விலையே உண்டு. விட்டுவிடுங்கள்.

பச்சைப் பிசுக்கு மட்டும் விதிவிலக்கு. மிருதுவான பி.வி.சி பிளாஸ்டிக் உறைகளில், புது மழைக்கோட்டு வாசம் அடிக்குமே அந்த மாதிரி உறைகளில், காசைப் பல வருடம் வைத்திருந்தால் பிளாஸ்டிக்கை மிருதுவாக்கக் கலந்த எண்ணெய் கசிந்து, அமிலமும் வெளிவந்து, காசின் மேல் பிசுபிசுப்பாகப் படியும். அது செம்பையும் வெள்ளியையும் தின்னும், ஸ்லாப்புக்குள் போன பிறகும் தின்றுகொண்டே இருக்கும். வெள்ளி, தங்கக் காசுகளில் இதைத் தூய அசிட்டோன் எடுத்துவிடும். நகச்சாயம் எடுக்கும் வாசனைத் திரவம் வேண்டாம், அதில் வேறு எண்ணெய்கள் இருக்கும். கண்ணாடிக் கிண்ணம், திறந்த ஜன்னல், பக்கத்தில் கேஸ் அடுப்போ ஊதுபத்தியோ இல்லாத இடம். ஊறவைத்து எடுத்துப் புது அசிட்டோனில் ஒரு முறை அலசி, துடைக்காமல் தானாகக் காயவிட வேண்டும்.

பால்மர நாட்டுக்காரர்களாகிய நமக்கு இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். பாலைப் பயன்படும் ரப்பராக்கச் சேர்ப்பது கந்தகம், வெள்ளியைக் கறுக்க வைப்பதும் அதே கந்தகம். ரப்பர் பேண்டு சுற்றிய காசுக்கட்டில் பேண்டு பட்ட இடமெல்லாம் கறுப்புக் கோடு விழுவது அதனால்தான். காசு வைத்திருக்கும் பெட்டிக்குள் ரப்பர் பேண்டு, ரப்பர் விரிப்பு எதுவும் வேண்டாம். கையுறை போட்டாலும் பருத்தியோ மாவு பூசாத நைட்ரைலோ போடுங்கள், ரப்பர்ப் பால் கையுறை வேண்டாம்.

இனி வைக்கும் இடம். காசின் குறுக்களவை மில்லிமீட்டரில் அளந்து அதற்குப் பொருந்தும் கேப்சூல் வாங்குங்கள், அல்லது மைலார் என்னும் பாலியெஸ்டர் படல உறை. பெட்டியில் சிலிக்கா ஜெல் பை போட்டு, அது ஈரம் குடித்து நிறம் மாறியதும் மாற்றுங்கள். இந்த ஊர்ப் புழுக்கத்தில் இதைத் தள்ளிப்போட முடியாது. இரும்புப் பீரோவின் கீழ்த்தட்டைவிட மேல்தட்டு நல்லது, வெள்ளம் எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டு வருவதில்லை.

லேபிளை என்ன செய்வது என்று நிறையப் பேர் யோசிப்பதே இல்லை. வீட்டிலேயே இருக்கப்போகும் காசு என்றால் லேபிளையும் முன்பு எடுத்த படங்களையும் காசோடு சேர்த்து வையுங்கள், யார் கொடுத்தது, எந்தத் தோட்டத்தில் இருந்தபோது என்று ஒரு துண்டுத் தாளில் எழுதியும் வையுங்கள். விற்பதாக இருந்தால் லேபிளை நிறுவனத்துக்கே திருப்பி அனுப்பலாம், பி.சி.ஜி.எஸ், என்.ஜி.சி இரண்டும் ஏற்றுக்கொள்ளும். இந்த வருடத்துக் காசு இந்தத் தரத்தில் இத்தனை இருக்கிறது என்று அவர்கள் வைத்திருக்கும் கணக்கில், உடைந்துபோன கூடுகள் இன்னும் இருப்பதாகவே எண்ணப்படுகின்றன. லேபிள் திரும்பப் போனால்தான் அந்த எண் குறையும். இரண்டும் செய்யப் போவதில்லை என்றால் எண்ணும் பார்கோடும் இருக்கும் பகுதியைத் துண்டு துண்டாக வெட்டிவிட்டுக் குப்பையில் போடுங்கள். உண்மையான எண் உள்ள லேபிள் கிடைத்தால் போலிக் கூடு செய்கிறவனுக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி.